டிக் டிக் சத்தம் போடும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கோப்புகளையும் மெயில்களையும் எடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: அப்பாவின் கம்ப்யூட்டர் 2006-இல் வாங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி, 80 ஜிபி ஹார்டு டிஸ்க். ஒரு மாதமாக நீலத்திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. உள்ளே அவ்வப்போது டிக் என்று ஒரு சத்தம். டொரண்டோவில் இருந்த அத்தை எட்டு வருடம் எழுதிய மெயில்கள் அதில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மெயில் நிரலில் இருக்கின்றன. அத்தை இப்போது இல்லை. அப்பா தமிழில் தட்டச்சு செய்த குடும்ப வரலாறும், ஸ்கேன் செய்த பழைய படங்களும் அதிலேயே. 'ஃபார்மட் பண்ணி புது விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும்' என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அவர் சொல்வது பொய் இல்லை, ஃபார்மட் செய்தால் கம்ப்யூட்டர் சரியாகலாம். ஆனால் உங்களுக்கு வேண்டியது கம்ப்யூட்டர் இல்லையே. அத்தையின் கடிதங்கள் இருந்த இடத்தின்மேல் புது விண்டோஸ் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு யாராலும் எடுக்க முடியாது.

இதைப் படித்து முடிக்கும்வரை அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்ய வேண்டாம். 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே' என்று கை பரபரக்கும். தேய்ந்துபோன டிஸ்க் இன்னும் சில மணி நேரம்தான் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தை விண்டோஸ் திறப்பதற்கும், ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடுவதற்கும், ரிப்பேருக்கும் செலவழிக்கக் கூடாது. காப்பி எடுக்க மட்டும்தான் செலவழிக்க வேண்டும்.

நானும் இந்தப் பாடத்தை அடுத்தவர் செலவில்தான் கற்றேன். சர்வீஸ் வேலை பார்த்த காலத்தில் ஒருவர் மகளின் கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தார். திறக்கும், ஆனால் பாதியில் நிற்கும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அன்று செக்டிஸ்க், டிஸ்க்கைச் சரிபார்க்க விண்டோஸோடு வரும் நிரல். இரவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் படங்கள் இருந்த ஃபோல்டரே இல்லை. 'ஃபவுண்ட்.000' என்று ஒரு ஃபோல்டர், உள்ளே பெயரில்லாமல் எண் மட்டும் போட்ட நூற்றுக்கணக்கான துண்டுகள். செக்டிஸ்க் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே என்ற கணக்கை, அதாவது கோப்பு முறைமையை, ஒழுங்குபடுத்துவதுதான் அதன் வேலை, உங்கள் கோப்பைக் காப்பாற்றுவது இல்லை. ஒழுங்குக்கு ஒத்துவராத கோப்பு என்றால் வெட்டிப் போட்டுவிடும். அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து முதலில் காப்பி, ரிப்பேர் எல்லாம் அந்தக் காப்பியின்மேல்தான்.

சரி, முதலில் நோய் எங்கே என்று பார்ப்போம். நீலத்திரை என்றாலே டிஸ்க் என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த வயதுக் கம்ப்யூட்டரில் சாகக்கூடியவை நிறைய. மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பாக ஏதோ கசிந்தோ இருந்தால் ரீஸ்டார்ட்டுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். 2000-களின் தொடக்கத்து போர்டுகளில் இது பெரிய வியாதி. ரேமைக் கழற்றி அதன் தங்கநிறக் காலை ரப்பரால் தேய்த்துப் போடுவது நம் ஊர் மெக்கானிக்குகளின் முதல் வைத்தியம். சிரிப்பார்கள், ஆனால் பல நேரம் வேலை செய்யும். பெட்டிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் பலவீனமாகியிருந்தால் டிஸ்க்குக்குப் போகும் 12 வோல்ட் இறங்கி, டிஸ்க் நடுவில் நின்று மறுபடி கிளம்பும். அப்போதும் ஒரு டிக் சத்தம் வரும்.

ஒரு விசித்திரமான காரணமும் உண்டு. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032. அது தீர்ந்தால் தேதி பழைய வருடத்துக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரலின் அமைப்புகளும் அழிந்து, டிஸ்க்கை அணுகும் முறை மாறிப்போகலாம். அப்போது எக்ஸ்பி திறக்காமல் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை காட்டும். டிஸ்க் கல்லுமாதிரி இருக்கும், ஆனால் போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். நீலத்திரையின் அடியில் வரும் எண்ணை ஃபோனில் படம் எடுத்திருக்கிறீர்களா? 7ஏ அல்லது இடி என்று முடிந்தால் டிஸ்க்கைப் படிப்பதிலேயே சிக்கல் என்று பொருள்.

எப்படியானாலும் நீங்கள் செய்யப்போவது ஒன்றுதான்: டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுவது. பழைய பெட்டியை உயிர்ப்பிக்கப் பாடுபட வேண்டாம். அதிலேயே பென் டிரைவ் சொருகி எடுக்கலாமே என்று தோன்றும். அந்த நேரமெல்லாம் விண்டோஸும் அதே டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருக்கும், தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டும் இருக்கும். நெட்வொர்க் கேபிள் போட்டு புது லேப்டாப்புக்கு அனுப்பலாம் என்று ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். எக்ஸ்பி பேசும் பழைய பகிர்வு முறையை 2017-க்குப் பிந்தைய விண்டோஸ் 10 இயல்பாக ஏற்பதில்லை. அதில் நேரம் போக்க வேண்டாம்.

மின் இணைப்பை எடுத்துவிட்டு, சிபியு என்று நாம் சொல்லும் அந்தப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறங்கள். டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். மூன்று விரல் அகலத்தில் சாம்பல்நிற நாடா போல இருந்தால் ஐடிஇ; 40 பின் இருக்கும். ஒரு விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய கேபிள் என்றால் சாட்டா. 2006 இரண்டும் கலந்து வந்த காலம், அதனால் பார்க்காமல் சொல்ல முடியாது. இரண்டையும் யுஎஸ்பியாக மாற்றித் தரும் அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கூடவே 12 வோல்ட் மின் அடாப்டர் இருக்க வேண்டும். டெஸ்க்டாப் டிஸ்க் யுஎஸ்பி மின்சாரத்தில் மட்டும் சுழலாது. லேப்டாப் டிஸ்க்குக்கான மலிவு அடாப்டரை வாங்கிவந்து 'டிஸ்க் செத்துவிட்டது' என்று அழுதவர்கள் உண்டு. ஐடிஇ டிஸ்க் என்றால் பின்பக்கம் ஒரு குட்டி பிளாஸ்டிக் ஜம்பர் இருக்கும். டிஸ்க்கின் மேல் லேபிளிலேயே படம் போட்டிருப்பார்கள். அதை மாஸ்டர் நிலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடாப்டரில் மாட்டி மின்சாரம் கொடுத்ததும் முதல் ஒரு நிமிடம் எதையும் தொடாமல் கேளுங்கள். நாங்கள் ஒரு நீள ஸ்குரூடிரைவரின் நுனியை டிஸ்க் மூடியின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது மாதிரிதான். நல்ல டிஸ்க் ஒரு சீரான முனகலோடு வேகமெடுத்து, சில மெல்லிய கொறிப்புச் சத்தம் போட்டுவிட்டு அடங்கும். டிக்... டிக்... டிக்... என்று ஒரே தாளத்தில் அடித்து, பிறகு சுழற்சியே நின்றுபோனால் படிக்கும் ஹெட் போய்விட்டது என்று பொருள். உடனே மின்சாரத்தை எடுங்கள். தகட்டின் மேற்பரப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே இடைவெளி நானோமீட்டர் கணக்கில்தான். உடைந்த ஹெட் ஒவ்வொரு சுற்றிலும் தகட்டைச் சுரண்டும், சுரண்டிய இடத்தில் இருப்பது போனது போனதுதான். அது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

எப்போதாவது ஒரே ஒரு டிக், மற்றபடி ஓடுகிறது என்றால் உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கோளாறாக இருந்திருந்தால், அடாப்டருக்கு மாறியதுமே அந்தச் சத்தம் நின்றுகூடப் போகலாம்.

விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டினால் 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா' என்று ஒரு பெட்டி வரலாம். கேன்சல். ஆயிரம் தடவை வந்தாலும் கேன்சல். டிஸ்க் திறந்தாலும், அப்பாவின் பெயரில் இருக்கும் ஃபோல்டரைச் சொடுக்கினால் 'அனுமதி இல்லை, கன்டினியூ அழுத்துங்கள்' என்று சொல்லும். அழுத்தினால் உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான கோப்புகளின் அனுமதிக் குறிப்பை ஒவ்வொன்றாக மாற்றி எழுதத் தொடங்கும். நலமான டிஸ்க்கில் பரவாயில்லை. நோய்ப்பட்ட டிஸ்க்கில் எழுதுவது கூடவே கூடாது. அதனால் உங்கள் விஷயத்தில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ்தான் என் தேர்வு. லேப்டாப்பில் எதையும் நிறுவ வேண்டாம். லினக்ஸின் வகைகளான லினக்ஸ் மின்ட் அல்லது சிஸ்டம்ரெஸ்க்யூவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் திறக்கலாம். லினக்ஸ் விண்டோஸின் அனுமதிக் குறிப்பைப் பொருட்படுத்தாது, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று சொல்லித் திறக்கவும் முடியும்.

காப்பி எங்கே போக வேண்டும்? பென் டிரைவ் வேண்டாம். அவை பெரும்பாலும் எஃப்ஏடி32 முறையில் வரும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது. இமேஜ், அதாவது டிஸ்க் முழுவதற்கும் ஒரே கோப்பாக நகல், எடுக்கும்போது பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள், என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில், 150 ஜிபியாவது காலியாக.

இப்போது இரண்டு வழி. கோப்பு கோப்பாக எடுப்பது ஒன்று, டிஸ்க்கையே அச்சு அசலாக இமேஜ் எடுப்பது இன்னொன்று. இமேஜ்தான் முதலில் என்று புத்தகம் சொல்லும். நான் கொஞ்சம் மாறுவேன். உங்களுக்கு உயிர் என்று ஒன்றே ஒன்று இருக்கிறது, அது சில நூறு எம்பிதான் இருக்கும்: மெயில் ஃபோல்டர். அதை முதலில் கோப்பாகவே எடுத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. அங்கேயே திணறினால் விட்டுவிட்டு இமேஜுக்குப் போய்விடுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

அந்த ஃபோல்டர் எங்கே என்பதுதான் எல்லோரும் கோட்டை விடும் இடம். 'மை டாக்குமெண்ட்ஸ் முழுக்க எடுத்தாச்சு சார்' என்பார்கள். மெயில் அங்கே இருக்காது. எக்ஸ்பியில் சி டிரைவ், டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், அப்பாவின் பயனர் பெயர், லோக்கல் செட்டிங்ஸ், அப்ளிகேஷன் டேட்டா, ஐடென்டிட்டீஸ், பிறகு நெளி அடைப்புக்குள் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான பெயர், அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். இத்தனை படி இறங்க வேண்டும். நடுவில் லோக்கல் செட்டிங்ஸ் மறைந்திருக்கும் ஃபோல்டர். விண்டோஸில் பார்ப்பதென்றால் மறைந்தவற்றைக் காட்டும்படி சொன்னால்தான் தெரியும். உள்ளே இன்பாக்ஸ், சென்ட் ஐட்டம்ஸ், டெலீட்டட் ஐட்டம்ஸ் என்று ஒவ்வொன்றும் டிபிஎக்ஸ் என்ற நீட்டிப்போடு (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) தனித்தனிக் கோப்பாக இருக்கும். நெளி அடைப்புப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோல்டர் இருந்தால் எல்லாவற்றையும் எடுங்கள். எது பழையது, எது காலி என்று அங்கே உட்கார்ந்து ஆராய வேண்டாம். ஐடென்டிட்டீஸை மொத்தமாக எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

முகவரிப் புத்தகம் வேறு இடத்தில். பயனர் பெயருக்கு நேர் கீழே இன்னொரு அப்ளிகேஷன் டேட்டா இருக்கும், அதற்குள் மைக்ரோசாஃப்ட், அட்ரஸ் புக், நீட்டிப்பு டபிள்யுஏபி.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் நூறு தடவை மூடப்பட்டதும் 'மெயில்களைச் சுருக்கட்டுமா' என்று கேட்கும். சுருக்கும்போது நடுவில் ரீஸ்டார்ட் ஆனால் இன்பாக்ஸ் காலியாகிவிடுவது உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் ஒரு மாதமாகத் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள். ஒருவேளை இன்பாக்ஸ் கோப்பு சில கேபி அளவில் சுருங்கிக் கிடந்தால் பதற வேண்டாம். சுருக்குவதற்கு முன் அது ஒரு நகலை பிஏகே என்ற நீட்டிப்போடு ரீசைக்கிள் பின்னில் போட்டு வைக்கும். டிஸ்க்கின் மேல்மட்டத்தில் ரீசைக்ளர் என்று ஒரு மறைந்த ஃபோல்டர் இருக்கிறது, அதையும் எடுங்கள். பெரிய அளவில் பிஏகே கோப்பு இருந்தால் அதன் நீட்டிப்பை டிபிஎக்ஸ் என்று மாற்றினால் போதும். தயவுசெய்து யாரும் இதற்கு முன் நல்லெண்ணத்தில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'மெயில் சர்வரில் இருக்குமே, ஏன் இத்தனை பாடு?' என்று உங்கள் தம்பி கேட்கலாம். ஜிமெயில் மாதிரி என்றால் நியாயம். ஆனால் டயல்அப் காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பாப்3 முறையில்தான் மெயிலை இறக்கியது. இறக்கியதும் சர்வரிலிருந்து அழித்துவிடுவதே வழக்கம். அன்று பெட்டி சில எம்பிதான், வேறு வழியும் இல்லை. ஆகவே உலகத்திலேயே ஒரே பிரதி உங்கள் அப்பாவின் டிஸ்க்கில் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

மெயில் கைக்கு வந்ததா? இனி இமேஜ். இதற்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல், குனு திட்டத்தைச் சேர்ந்தது. சிஸ்டம்ரெஸ்க்யூவில் ஏற்கெனவே இருக்கும். மின்ட்டில் ஜிடிடிரெஸ்க்யூ என்ற பெயரில் நிறுவிக்கொள்ள வேண்டும். சாதாரணக் காப்பிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சாதாரணக் காப்பி ஒரு கெட்ட இடத்தில் மோதினால் அங்கேயே நின்று திரும்பத் திரும்ப முட்டும், ஹெட் மேலும் கெடும். டிடிரெஸ்க்யூ புத்திசாலி மாணவன் பரீட்சை எழுதுவது மாதிரி: தெரிந்த கேள்விகளை முதலில் முடித்துவிட்டு, கஷ்டமானதைக் கடைசியில் வைத்துக்கொள்ளும். எது முடிந்தது, எது பாக்கி என்று மேப் கோப்பு ஒன்றில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனாலும், டிஸ்க் தொங்கிவிட்டாலும், மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் கோப்பை மட்டும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைக்க மறக்காதீர்கள். பென் டிரைவில் ஓடும் லினக்ஸின் டெஸ்க்டாப்பில் வைத்தால் கரண்ட் போனதும் அதுவும் போய்விடும்.

கட்டளைக்கு மூன்று விஷயம் தர வேண்டும், இந்த வரிசையில்: எந்த டிஸ்க்கிலிருந்து, எந்த இமேஜ் கோப்புக்கு, எந்த மேப் கோப்பு. முதலிரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டளை அடிக்கும் முன் இணைத்திருக்கும் டிஸ்க்குகளின் பட்டியலை எடுத்து அளவைப் பாருங்கள். 80 ஜிபி என்று விற்ற டிஸ்க் 74.5 என்று காட்டும், அதுதான் அப்பாவுடையது. 'ஃபோர்ஸ்' என்ற விருப்பத்தைச் சேர்க்கச் சொல்லி எந்தக் குறிப்பாவது சொன்னால் சேர்க்காதீர்கள். அது இன்னொரு டிஸ்க்கின்மேலேயே நேராக எழுதும்போது தேவைப்படுவது, கோப்பாக எடுக்கும் உங்களுக்கு அது வேண்டாம். முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்டாதே என்று சொல்லி ஓடவிடுங்கள். அது முடிந்த பிறகு, விட்டுப்போன இடங்களை மூன்று தடவை முயன்று பார் என்று இரண்டாவது சுற்று.

நேரம்? நலமான டிஸ்க் யுஎஸ்பி 2-இல் நொடிக்கு 30 எம்பி அளவில் வந்தால் 80 ஜிபிக்கு முக்கால் மணி நேரம். கெட்ட இடங்கள் இருந்தால் ஓர் இரவு, சில சமயம் இரண்டு நாள். திரையில் வேகம் பூஜ்யம் என்று காட்டிக்கொண்டு நிற்கும். பயப்பட வேண்டாம், போராடிக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கைச் சமதளத்தில் வைத்து ஒரு டேபிள் ஃபேனை அதன்மேல் ஓடவிடுங்கள். கையில் தொட்டால் சுடுகிறது என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். நம் ஊர் மே மாதத்தில் இது சின்ன விஷயம் இல்லை. டிஸ்க்கின் அடாப்டரை யுபிஎஸ்ஸில் சொருகிக்கொள்ளுங்கள்.

இமேஜ் எடுத்தான பிறகு அப்பாவின் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, அலமாரியில் வைத்துவிடுங்கள். அதன் வேலை முடிந்தது. இனிமேல் என்ன சோதனை வேண்டுமானாலும் இமேஜின்மேல் செய்யலாம், அதுவும் அதன் இன்னொரு பிரதியின்மேல். செவன்-ஜிப் நிரலில் அந்த இமேஜைத் திறந்தாலே உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் தெரியும், விண்டோஸின் அனுமதித் தொல்லையும் இல்லை. அது திறக்க மறுத்தால், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்து வைக்கும் பார்ட்டிஷன் அட்டவணை கெட்டிருந்தால், அதைச் சரிசெய்யும் டெஸ்ட்டிஸ்க் நிரல். அதுவும் முடியாவிட்டால் கடைசி ஆயுதமாக ஃபோட்டோரெக். ஃபோட்டோரெக் படங்களையும் ஆவணங்களையும் உருவம் பார்த்துப் பொறுக்கி எடுக்கும், ஆனால் கோப்பின் பெயரும் ஃபோல்டரும் திரும்ப வராது. பல ஆயிரம் படம் எண்களோடு வந்து குவியும். குப்பையில் மாணிக்கம் தேடும் வேலை, முடிந்தவரை தவிர்க்கப் பாருங்கள்.

உள்ளே என்னென்ன எடுக்க? நம் ஆட்கள் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்து வைப்பார்கள், அதனால் டி டிரைவை மறக்காதீர்கள். டெஸ்க்டாப்பைப் பாருங்கள். முன்பு எப்போதோ ஃபார்மட் செய்த பையன் 'ஓல்ட் டேட்டா', 'பேக்கப்', 'நியூ ஃபோல்டர் (2)' என்று எதிலாவது எல்லாவற்றையும் அள்ளிப் போட்டிருப்பான். 2006-க்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். கடைக் கணக்கு டேலியில் இருந்தால், டேலி ஃபோல்டருக்குள் டேட்டா, அதற்குள் எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்; அந்த எண் ஃபோல்டரை முழுதாக எடுக்க வேண்டும்.

எல்லோரும் மறக்கும் ஒன்று: எழுத்துருக்கள். அப்பா குடும்ப வரலாற்றைத் தமிழில் அடித்தார் என்கிறீர்கள். அந்தக் காலத்தில் அது, இன்று எல்லாக் கம்ப்யூட்டரும் ஏற்கும் பொதுக் குறியேற்றமான யுனிகோடாக இருக்க வாய்ப்பு குறைவு. பாமினி, வானவில், டிஸ்கி, டேப், டேம் என்று ஆளுக்கொரு குறியேற்றம். இவற்றில் பல ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் உண்மையில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில வரிசைதான். எழுத்துரு இருக்கும்வரை அம்மா, இல்லாவிட்டால் கிறுக்கல். கோப்பைப் பத்திரமாக எடுத்துவந்து புது லேப்டாப்பில் திறந்து, 'கரப்ட் ஆகிவிட்டது' என்று அழித்துவிட்ட குடும்பங்கள் உண்டு. கோப்பு கெடவே இல்லை, எழுத்துரு மட்டும்தான் கூட வரவில்லை. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும், அதை முழுக்க எடுத்துவிடுங்கள். எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால், கிறுக்கலாகத் தெரியும் கோப்பை வேர்டில் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். மேலே எழுத்துருப் பெட்டியில் அதன் பெயர் அப்படியே நிற்கும். அந்தப் பெயருள்ள கோப்பை நிறுவினால் தமிழ் எழுந்து வரும். பிறகு நிதானமாக என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் யுனிகோடாக்கலாம். மூலத்தை மட்டும் அழிக்காதீர்கள். நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று நினைத்து அந்த நிரல் மாற்றிவிட, அவை கந்தலாகிவிடும், ஒப்பிட்டுத் திருத்த மூலம் வேண்டும்.

அத்தையின் மெயில்களிலும் இதே சிக்கல் வரலாம். கனடாவிலிருந்து வந்தவற்றில் பாமினி நிறைய இருக்கும், புலம்பெயர்ந்தோர் மத்தியில் அதுதான் ஊன்றிப்போன எழுத்துரு. சில மெயில்கள் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழாகவும் இருக்கும். அவை எந்தத் தொல்லையும் தராது.

டிபிஎக்ஸ் கோப்பை இன்றைய விண்டோஸோடு வரும் எந்த நிரலும் நேராகத் திறக்காது, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் விஸ்டாவோடே ஓய்வுபெற்றுவிட்டது. அன்டிபிஎக்ஸ் என்று ஓர் இலவச நிரல் உண்டு. ஒரு டிபிஎக்ஸைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மெயிலையும் இஎம்எல் என்ற தனிக் கோப்பாக உடைத்துத் தரும். டிபிஎக்ஸ் சிதைந்திருந்தாலும் கிடைப்பதைப் பொறுக்கும் மீட்பு முறையும் அதில் இருக்கிறது. பிறகு தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் நிரலை நிறுவி, இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி என்ற இணைப்பைச் சேர்த்து, அந்த இஎம்எல் கோப்புகளை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கீழே இறக்கிக்கொள்ளுங்கள். இணைத்து அனுப்பிய படங்களும் கூடவே வந்துவிடும். இஎம்எல் கோப்புகளைத் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்வது என் பழக்கம். அது வெறும் எழுத்துக் கோப்பு, எந்த மெயில் நிரல் மறைந்தாலும் நோட்பேடிலாவது திறக்கும்.

அப்பாவிடம் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இல்லாமல் ஆபீஸோடு வந்த அவுட்லுக் இருந்திருந்தால் கதை வேறு. அது எல்லாவற்றையும் பிஎஸ்டி என்ற ஒரே பெரிய கோப்பில் வைக்கும், லோக்கல் செட்டிங்ஸ், அப்ளிகேஷன் டேட்டா, மைக்ரோசாஃப்ட், அவுட்லுக் என்ற இடத்தில். 2003-க்கு முந்தைய பதிப்புகளில் அந்தக் கோப்பு 2 ஜிபியைத் தொட்டால் திறக்காமல் அடம்பிடிக்கும். இரண்டும் பெயரில் ஒன்றுபோல இருப்பதால் பலரும் குழம்புவார்கள். சந்தேகம் இருந்தால் இமேஜுக்குள் இரண்டு நீட்டிப்பையும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

டிஸ்க் தாளம் தட்டி நின்றுபோகும் வகை என்றால் என்ன செய்ய? ஃப்ரீசரில் வை என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம், வெளியே எடுத்ததும் தகட்டில் ஈரம் படியும். மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம், ஒரு தூசி போதும். இன்னொரு டிஸ்க்கின் பச்சை போர்டைக் கழற்றி மாட்டினால் வரும் என்று கடையில் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் அளவுத்திருத்தமும் அதனதன் போர்டில் இருக்கும் சிப்பில் எழுதப்பட்டிருக்கும், அந்தச் சிப்பையும் மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றுவது சூதாட்டம். தூசியற்ற அறை வைத்து டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்யும் இடங்கள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. பணம் ஆயிரக்கணக்கில் ஆகும். கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சோதித்துச் சொல்ல எவ்வளவு, எடுக்க முடியாவிட்டால் கட்டணம் உண்டா, டிஸ்க் இதே ஊரில் திறக்கப்படுமா அல்லது வேறெங்கோ அனுப்புவீர்களா? முன்பே யாராவது திறந்த டிஸ்க் என்றால் பலர் தொடவே மாட்டார்கள், அதனால் கடைக்காரரை இப்போதே தடுத்து வையுங்கள்.

எல்லாம் கைக்கு வந்த பிறகு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உங்கள் வீட்டிலும் ஒன்றை வேறு யார் வீட்டிலாவதும் வையுங்கள். காப்பி ஆனது என்று கம்ப்யூட்டர் சொல்வதை நம்ப வேண்டாம். இருபது மெயிலையாவது திறந்து படியுங்கள், படங்களில் ஐம்பதையாவது பெரிதாக்கிப் பாருங்கள். அத்தையின் மெயில்களைத் திறக்கும்போது அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வந்த கடிதங்கள், எதை யார் படிக்கலாம் என்பதும் அவர் முடிவுதான்.

இப்போதைக்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கேபிள் அகலமா, மெல்லியதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். டிஸ்க் லேபிளையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த அடாப்டர் வாங்குவது என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.